பிள்ளைகளோடு வன்னியில் ஓர் இரவு: வளவா, வயலா, கடலா, காடா?

ஆடி பிறந்தால் ஒரே கேள்வி மூன்று திசையிலிருந்து எனக்கு வரும். கனடாவிலிருந்து தங்கச்சி, கொழும்பிலிருந்து மச்சான், யாழ்ப்பாணத்திலிருந்து கூடப் படித்தவர்கள். "ஓகஸ்ட் லீவுக்குப் பிள்ளையளோட வாறம். ஒரு இரவாவது வெளியில படுக்க வேணும், கொஞ்சத் தூரம் காட்டுக்குள்ள நடக்க வேணும். எது நல்லம்?"

தங்கச்சி மனதில் வைத்திருப்பது அவர்கள் அங்கே போகிற இடத்தை. இலக்கம் போட்ட நிலத்துண்டு, நெருப்பு மூட்ட இரும்பு வளையம், கூப்பிடு தூரத்தில் சுடுதண்ணீர் வருகிற குளியலறை. வன்னியில் அப்படி ஒன்றை எதிர்பார்க்க முடியாது. இங்கே குடும்பமாக வெளியில் படுப்பதென்றால் அது யாரோ ஒருவருடைய நிலத்தில், யாரோ ஒருவருடைய தயவில்தான். அந்த யாரோ ஒருவர் யார் என்பதுதான் பாதி விடை. மீதிப் பாதி, நடையையும் படுக்கையையும் பிரித்துப் பார்ப்பது. நடக்கிற இடத்திலேயே படுக்கவும் வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. பலரும் இரண்டையும் ஒன்றாய்க் கட்டிக்கொண்டுதான் குழம்புகிறார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அகராதியில் 'கேம்பிங்' என்றால் முகாம் என்று போட்டிருக்கும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் அம்மாவுக்கு நினைவு வருவது மெனிக் பாம், போர் முடிந்தபோது எங்கள் சனத்தை அடைத்து வைத்திருந்த முகாம். நான் முதல் தடவை தறப்பாளை மடித்து வாகனத்தில் ஏற்றியபோது அவர் வாசற்படியில் நின்று கேட்டார்: "தறப்பாளுக்குக் கீழ படுத்தது உங்களுக்குக் காணாதோ?" பேரப்பிள்ளைகளுக்கு விளையாட்டு, அவருக்கு அது விளையாட்டு இல்லை. அம்மம்மாவையோ அப்பப்பாவையோ கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால், முதலில் தனியாக இருத்திக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம்.

எதை வைத்து அளப்பது

முதலில் மண். மற்ற ஊர்க்காரருக்கு இப்படி ஓர் அளவுகோல் தேவைப்படாது. 2009 மே மாதத்தோடு போர் முடிந்தது. மிதிவெடி அகற்றும் வேலை அதோடு முடியவில்லை. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது, முழுவதும் அகற்றி முடிப்பதற்கான தவணை 2028 ஜூன். குடிமனைகளும் வயல்களும் பெரும்பாலும் துப்புரவாக்கிக் கொடுக்கப்பட்டுவிட்டன. மிச்சம் இருப்பவற்றில் காட்டோரங்களும் பழைய முன்னரங்குகளும் உண்டு, பிள்ளைகளோடு நடக்க ஆசை வருவதும் அப்படியான இடங்களில்தான்.

மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நின்றால் யாருக்கும் விளங்கும். பலகை இல்லாத இடத்தைப் பற்றி அங்கே நாள்தோறும் நடக்கிறவரைக் கேட்க வேண்டும்: மாடு மேய்க்கிறவர், விறகுக்குப் போகிறவர், கிராம அலுவலர். அவர்களின் கால் பட்ட தடத்தை விட்டு ஓர் அடியும் விலகுவதில்லை, மூத்திரம் பெய்வதற்கும்கூட. நெருப்பும் இந்தக் கணக்கில்தான் வரும். மண்ணுக்குள் வெடிபொருள் கிடந்தால் மேலே மூட்டுகிற நெருப்பின் சூட்டிலேயே வெடித்துவிடலாம். ஆகவே புது இடத்தில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டுகிற வேலை வேண்டாம், வீட்டுக்காரர் ஏற்கெனவே எரித்துவருகிற அடுப்படியே போதும். "இரும்பாய் எது கிடந்தாலும் தொடாமல் வந்து சொல்" என்பதை எங்கள் மூத்தவன் எண் படித்த காலத்திலேயே படித்தான்.

அடுத்தது, நான் 'இரவு ஒரு மணிப் பரீட்சை' என்று சொல்வது. சின்னவள் இரவு ஒரு மணிக்கு எழும்பி "வீட்ட போவம்" என்று அழுகிறாள், அல்லது உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. அரை மணித்தியாலத்துக்குள் ஒரு கூரைக்குக் கீழோ ஆஸ்பத்திரிக்கோ போக முடியுமா? வாகனம் பக்கத்தில் நிற்கிறதா? போனில் சிக்னல் இருக்கிறதா? இலவச அம்புலன்சுக்கு 1990 அடிக்கலாம், அது வடக்கிலும் ஓடுகிறது. ஆனால் சாரதிக்கு நீங்கள் வழி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "பெரிய பாலை மரத்தடி" என்றால் வன்னியில் ஆயிரம் பாலை.

தண்ணீரும் மலசலகூடமும் சொல்லாமலே தெரிந்தவை. ஆளுக்கு ஐந்து லீற்றர் குடிதண்ணீர் கணக்குப் போட்டுக் கொண்டுபோங்கள், மிஞ்சினால் கால் கழுவலாம்.

பிறகு கால். எங்கள் நாலு வயதுக்காரிக்கு ஒரு கிலோமீற்றர், அதற்கு மேல் "தூக்கு". ஏழு வயதுக்காரன் வெயில் ஏறாவிட்டால் மூன்று, நாலு கிலோமீற்றர் போவான், வழியில் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். வன்னி தட்டை நிலம், ஏற்றம் இறக்கம் இல்லை என்பது ஒரு வசதி. மலை ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் குருந்தூர்மலையும் வெடுக்குநாறிமலையும் இருக்கின்றன, ஆனால் கோயிலா தொல்லியல் இடமா என்ற பிணக்கால் அங்கே வழக்கும் காவலும் கூட வரும். பிள்ளைகளின் லீவை நான் அதற்குள் கொண்டுபோய் விடமாட்டேன்.

அவசரக்காரருக்கு ஒரு அட்டவணை. காரணங்கள் கீழே.

| இடம் | நடை | படுக்கை | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|
| சொந்தக்காரர் வளவு | இல்லை என்றே சொல்லலாம் | மிக நல்லது | பெரியவர்களின் நித்திரை |
| வயலும் குளக்கட்டும் | மிக நல்லது | காட்டோரம் என்றால் வேண்டாம் | உண்ணி, யானை விரட்டும் வெடி |
| கடற்கரை | சுமார் | காற்றைப் பொறுத்தது | தண்ணீர், நிழல், மணல் |
| தேசியப் பூங்கா | இறங்கி நடக்க விடமாட்டார்கள் | அனுமதி எடுத்தால் உண்டு | ஜீப், அரை நாள் இருப்பு |
| மடுக்கோயில் | கோயிலைச் சுற்றி | திருவிழாவில் நல்லது | சனம், தூசி |

வளவு

சிரிக்க வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், முதல் இரவு என்றால், இதைத்தான் செய்யச் சொல்வேன். அந்த வயதில் வீட்டு முற்றத்திலிருந்து இருபது யார் தள்ளிப் படுப்பதே பெரிய பயணம். எங்கள் முதல் இரவு தருமபுரத்தில் மாமி வீட்டு மாமரத்தடியில். பிள்ளைகள் டோர்ச் வெளிச்சத்தில் புட்டும் சம்பலும் சாப்பிட்டார்கள். பத்து மணிக்குள் மாமி மூன்று தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். "பிள்ளையளுக்குப் பனி பிடிக்கும்" என்றார், வியர்த்து ஒழுகுகிற ஆவணி இரவில்.

ஒரு மணிப் பரீட்சையில் வளவுக்கு நூற்றுக்கு நூறு. கிணறு இருக்கிறது, கக்கூஸ் இருக்கிறது, மண் பல வருடம் கூட்டிப் பெருக்கிய மண். இடைஞ்சல் வேறு வகை. அயல் நாய்கள். கோயில் திருவிழாக் காலம் என்றால் விடிய நாலரைக்கே ஒலிபெருக்கி. வீடு பக்கத்தில் இருப்பதால் மூத்தவன் "தண்ணி குடிக்கப் போறன்" என்று போய் யாருடையவோ போனோடு இருந்துவிடுவான். பனைக்குக் கீழே மட்டும் கூடாரம் வேண்டாம், ஆடி ஆவணி பனம்பழம் விழுகிற காலம். தென்னையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

வளவென்றால் பாம்பு வராது என்று நினைக்கக் கூடாது. எண்ணெய் விரியன் என்றும் கட்டுவிரியன் என்றும் சொல்கிற பாம்பு, இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைத்தான் அதிகம் கடிக்கிறது, வீட்டுக்குள்ளேயும். பல நேரம் நோவே இராது, கடித்த அடையாளமும் தெரியாது. விடியற்காலையில் பிள்ளை வயிற்றுக்குத்து என்று எழும்பி, கண் இமை தானாக மூடிக்கொண்டு வந்தால் ஒரு நிமிடமும் வைத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கட்டுப் போடுவது, கீறுவது, பார்வை பார்க்கப் போவது எல்லாம் நேரத்தைத் தின்னும். தடுப்பது மிகச் சுலபம். ஒன்று நிலத்தைவிட்டு உயர்ந்த கட்டில், இல்லாவிட்டால் பாய்க்குக் கீழே நன்றாகச் செருகிய நுளம்பு வலை. அடித்துணி சேர்த்துத் தைத்த கூடாரம் என்றால் சிப்பை எப்போதும் மூடியே வைக்க வேண்டும். பிள்ளைகள் அதைத் திறந்து போட்டுவிட்டுத்தான் ஓடுவார்கள், ஆகவே அது பெரியவர்களின் வேலை.

வயலும் குளக்கட்டும்

எனக்குப் பிடித்தது இது. பகலில்.

கிளிநொச்சிப் பக்கம் என்றால் இரணைமடு. 1902இல் கட்டத் தொடங்கி 1920இல் முடித்த குளம், கனகராயன் ஆற்று நீரைத் தேக்கி வைத்திருக்கிறது, வடக்கில் இதைவிடப் பெரிய குளம் இல்லை. ஏ9 வீதியிலிருந்து இரணைமடுச் சந்தியில் திரும்பினால் அதிக நேரம் எடுக்காது. முல்லைத்தீவுப் பக்கத்தார் முத்தையன்கட்டுக்குப் போகலாம், மல்லாவி துணுக்காய்க்காரருக்கு வவுனிக்குளம். இந்தப் பெரிய குளங்களைவிட, பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு ஊர்ச் சிறு குளம் இன்னும் நல்லது. கட்டு குட்டையாக இருக்கும், ஒரு கிலோமீற்றரில் நடை முடிந்துவிடும், மாடு குளிப்பாட்டுகிறவர் ஒருவர் நிச்சயம் நிற்பார்.

போகிற நேரம் முக்கியம். விடிய ஐந்தே முக்காலுக்குக் குளக்கட்டில் கால் வைக்க வேண்டும், எட்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். கட்டின் மேல் நிழல் கிடையாது. எட்டரைக்கு மேல் பிள்ளை மட்டுமில்லை, நாமும் சிணுங்குவோம். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் கிடைப்பது கொஞ்சமில்லை. சிறகை விரித்துக் காய வைக்கும் நீர்க்காகம், கட்டுக்குக் கீழே மருத மரத்தில் மயில், அலைகரைச் சேற்றில் கொக்கும் நாரையும், கல்லிடுக்கில் தலையை நீட்டும் உடும்பு. தாமரைக் கொட்டையை உரித்துத் தின்னக் கொடுத்தால் சின்னவள் இன்னும் கால் கிலோமீற்றர் நடப்பாள். யானை இலத்தி கிடந்தால் பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோசம். நீங்கள் பார்க்க வேண்டியது அது காய்ந்ததா, ஈரமா என்று. ஈரமென்றால் அன்றைய நடை அதோடு சரி, வந்த வழியே திரும்புங்கள்.

குளத்தில் இறங்கிக் குளிப்பது வேறு கதை. முதலை இருக்கிற குளங்கள் வன்னியில் பல. ஊரார் குளிக்கிற துறை எது, எந்த நேரத்துக்குக் குளிக்கிறார்கள் என்று கேட்டு அங்கே மட்டும் இறங்கலாம், பொழுதுபட்டால் அங்கேயும் இல்லை. என் கணக்கில் பிள்ளைகளுக்கு வாய்க்கால்தான் சரி. படிக்கட்டுக் கட்டிய இடம், முழங்கால் அளவு தண்ணீர், ஓட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். பெரிய வாய்க்காலின் ஓட்டம் மேலே அமைதியாய்த் தெரியும், காலை வைத்தால்தான் அதன் இழுவை விளங்கும். காலில் புண்ணோ கீறலோ இருந்தால் வயல் சேற்றில் இறக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது.

சரி, படுக்கை? வயல் காவல் கொட்டிலில் படுத்து நெல் வாசத்தோடு எழும்புவது நினைக்க நன்றாக இருக்கும். ஓகஸ்ட் லீவில் சிக்கல் என்னவென்றால் அது சிறுபோக நெல் முற்றி வெட்டுகிற காலம். முற்றிய நெல்லைத் தேடி யானை வரும். வறட்சியில் காட்டுக்குள் தண்ணீர் வற்றிப்போக, குளத்துக்கும் வரும். காவல்காரர் ஏன் அந்தக் கொட்டிலில் படுக்கிறார் என்று யோசித்தாலே விடை கிடைத்துவிடும். கொட்டிலில் வாழைப்பழமும் உப்பும் அரிசியும் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு படுப்பது அழைப்பிதழ் அடித்த மாதிரி.

யானை வராவிட்டாலும் யானை வெடி கேட்கும். ஒரு தடவை இரவு பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையில் இரண்டு வயலுக்கு அப்பால் ஒரு வெடி போட்டார்கள். பிள்ளைகள் திடுக்கிட்டு எழும்பிப் பிறகு சிரித்தார்கள். கூட வந்திருந்த பெரியம்மா அதற்குப் பிறகு விடியும்வரை படுக்கவில்லை. இதையும் செலவில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

காடு தள்ளி இருக்கிற, நாலு பக்கமும் வயலும் வீடும் உள்ள இடத்துக் கொட்டில் என்றால் யோசிக்கலாம், எட்டு வயதுக்கு மேல்.

அப்புறம் உண்ணி. கட்டோரப் புல்லிலும் மாட்டுத் தடத்திலும் நிறைய உண்டு. திரும்பி வந்ததும் உடுப்பைக் கழற்றி வெந்நீரில் போட்டு, காதுக்குப் பின்னால், கக்கம், தொடையிடுக்கு எல்லாம் பார்க்க வேண்டும். கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது உண்ணிக்காய்ச்சல். கடித்த இடத்தில் சுருட்டுச் சூடு பட்டது போல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கலாம். காய்ச்சல் உடனே வராது, ஒன்றிரண்டு கிழமை பிந்தி வரும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைக் குறித்து வையுங்கள். அதற்குள் நீங்கள் ரொறன்ரோவுக்குத் திரும்பியிருப்பீர்கள், அங்கத்தைய டொக்டருக்கு இது சட்டென்று நினைவுக்கு வராது. "இலங்கையில் புல்லுக் காட்டுக்குள் நடந்தோம்" என்று நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

மலேரியாவைப் பற்றி இன்னும் கேட்கிறவர்கள் உண்டு. அப்பா காலத்தில் வன்னிக்குப் போய் வந்தவனுக்குக் காய்ச்சல் என்றால் அதுதான். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்துவிட்டது. நுளம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை, ஆகவே வலை வேண்டும்.

கடற்கரை

முல்லைத்தீவுக் கடல் சோளகக் காலத்தில் குளம் மாதிரிக் கிடக்கும். வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையில் அலை அடங்கியிருக்கும். பெற்றோர் ஏமாறுவதும் இந்த அமைதியில்தான். நாங்கள் கொண்டுபோன காற்றடைத்த ரப்பர் வளையம், பிள்ளை அதை விட்டு இறங்கிய அடுத்த கணம் கடலுக்குள் போகத் தொடங்கியது. ஓடிப் பிடிக்கிற வேகம் இல்லை. கரையில் நின்ற மீனவர் ஒருவர் "விடுங்கோ தம்பி, அது போகட்டும்" என்றார். அதற்குள் பிள்ளை இருந்திருந்தால் என்ற நினைப்பில் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சோளகத்தில் இந்தக் கரைக்குக் காற்றடைத்த எதுவும் கொண்டுவர வேண்டாம்.

மற்றப்படி கடற்கரையில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானே தேவையில்லை. விடியற்காலையில் கரைவலை இழுக்கும்போது கயிற்றின் கடைசியில் பிள்ளைகளையும் பிடிக்க விடுவார்கள். பாடு நல்லதாய் அமைந்தால் கையில் நாலு மீனும் கிடைக்கும். மண்ணைப் பற்றிய கேள்விக்கும் இங்கே விடை சுலபம்: வாடிகளில் இருக்கிற மீனவர் தினம் நடக்கிற கரை எதுவோ அதற்குள் நில்லுங்கள், பின்னால் இருக்கிற பற்றைக்குள் போக வேண்டாம். கூடாரம் அடிக்க முன் அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒருவரிடம் சொல்லிவிடுவது மரியாதை, பாதுகாப்பும்கூட. எந்தக் கரையில் இரவு தங்கவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

செலவு நிழலும் தண்ணீரும். காலை பத்துக்குப் பிறகு மணல் காலைச் சுடும், ஒதுங்க மரம் கிடையாது. கூடாரத்து முளை மணலில் நில்லாது. உரப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, பையையும் புதைக்க வேண்டும். இரவு காற்று விழுந்தால் நுளம்பு, விழாவிட்டால் தறப்பாள் படபடவென்று அடித்து நித்திரையைக் கெடுக்கும். உப்பும் மணலும் சேர்ந்து பிள்ளைகளின் தொடை உராய்ந்துவிடும், நல்ல தண்ணீரில் கழுவ ஒரு கான் தனியாக வேண்டும்.

ஆறு வயதுக்கு மேற்பட்ட, சொல்வழி கேட்கிற பிள்ளைகள் என்றால் வளவுக்கு அடுத்தபடியாக இதைச் சொல்வேன். மார்கழி லீவில் இந்தப் பேச்சே வேண்டாம். வாடைக்காற்றில் அது வேறு கடல்.

காடு

"உண்மையான காடு" என்று மச்சான் கேட்பது வில்பத்து. 1938இல் தேசியப் பூங்காவான இடம், மழைநீர் தேங்கும் வில்லுகள், சிறுத்தை, கரடி, யானை, மான். உள்ளே தங்க வேண்டும் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும், லீவுக் காலத்தில் இடம் பிடிப்பது இலேசில்லை. பிரதான வாசல் அனுராதபுரம் புத்தளம் வீதிப் பக்கம் ஹுனுவிலகமவில். வவுனியாவிலிருந்தே அது ஒரு காலைப் பயணம்.

சின்னப் பிள்ளைகளோடு இது எனக்குச் சரிவரவில்லை. காரணம் மிருகம் இல்லை. பூங்காவுக்குள் வாகனத்தை விட்டு இறங்கி நடக்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆக, நாலு வயதுப் பிள்ளை அரை நாள் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு, சத்தம் போடாமல், மூத்திரத்தை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். சிறுத்தையைக் கண்டபோது எங்கள் சின்னவள் நல்ல நித்திரை. பத்து வயது தாண்டட்டும், அப்போது காசுக்குப் பெறுமதி இருக்கும்.

பூங்கா வேண்டாம், ஊரோரக் காட்டுக்குள் போவோம் என்பவர்களுக்கு இரண்டு செய்தி. ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது குற்றம், வன இலாகாக்காரர் பிடித்தால் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று விட்டுவிடமாட்டார்கள். இரண்டாவது கரடி. பாலைப்பழம் வைகாசி, ஆனியில் பழுக்கும். உதடு ஒட்டுகிற அந்தப் பழத்துக்காகப் பிள்ளைகளைக் காட்டோரம் கூட்டிப்போக எல்லாருக்கும் ஆசை, ஆனால் அதே பழத்துக்கு அதே நாட்களில் கரடியும் வரும். யானைக்கு முன்னால் ஒதுங்க நேரம் கிடைக்கலாம். திடீரென்று முட்டுப்பட்ட கரடி அந்த நேரத்தையும் தராது. பாலைப்பழத்தை ஏ9 வீதியோரத்தில் காசு கொடுத்து வாங்குங்கள், கச்சானுக்கு முறிகண்டியில் இறங்குகிற மாதிரி.

காட்டு வாசம் மட்டும் போதும் என்றால் சுண்டிக்குளம் இருக்கிறது. ஆனையிறவுக்குக் கிழக்கே, 2015இல் தேசியப் பூங்காவாக்கிய இடம். ஆனால் அதன் அழகு வலசைப் பறவைகள் வருகிற ஐப்பசியிலிருந்து பங்குனி வரை. ஓகஸ்டில் போனால் உப்பும் வெயிலும்தான்.

மடு

இதை ஏன் பட்டியலில் சேர்த்தேன் என்று கேட்பீர்கள். கூடாரம் அடித்துக் குடும்பமாக வெளியில் படுப்பதை வன்னி பழகியது மடு மாதா கோயிலில்தான். ஆடித் திருவிழா ஜூலை 2, ஆவணித் திருவிழா ஓகஸ்ட் 15. சைவக்காரரும் போவார்கள், என் அப்பம்மா போயிருக்கிறார். மரத்தடி மரத்தடியாகக் குடும்பங்கள், ஒரு அடுப்பில் கஞ்சி, பக்கத்து அடுப்பில் கருவாட்டுக் குழம்பு. பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்தில் புதுக் கூட்டாளிகள். சனம் நிறைந்திருப்பதால் மிருகப் பயம் குறைவு, அந்த நாட்களில் தண்ணீருக்கும் வைத்தியத்துக்கும் ஒழுங்கு செய்திருப்பார்கள்.

சனமே அதன் இடைஞ்சலும். பிள்ளை தவறிப்போவதுதான் இங்கே முதல் பயம். சட்டைப் பைக்குள் போன் இலக்கம் எழுதிய துண்டு வைத்துத் தைத்துவிடுங்கள். கோயிலுக்கு வந்த மனநிலையில் வருகிறவர்களுக்கு இது பொருந்தும். உல்லாசப் பயணம் என்று வந்து பாட்டுப் பெட்டியை அலற விடுபவர்களுக்குப் பொருந்தாது.

கூடாரமா, நுளம்பு வலையா?

இடம் முடிவானபிறகு வருகிற சண்டை இது. கடையில் விற்கிற மலிந்த ஒற்றைத் துணிக் கூடாரம் குளிர் நாட்டுக்குச் செய்தது மாதிரி. ஆவணி இரவில் அதற்குள் நாலு பேர் படுத்தால் இட்லிச் சட்டிதான். இரண்டு பக்கமும் பெரிய வலை ஜன்னல் உள்ளது, மழைத்துணியைத் தனியாகக் கழற்றி வைக்கக்கூடியது என்றால் மட்டும் வாங்குங்கள். என்னைக் கேட்டால், மேலே தறப்பாள், கீழே தறப்பாள், அதன்மேல் பாய், பெரிய குடும்ப நுளம்பு வலையை நாலு மூலையிலும் கட்டிப் பாய்க்குக் கீழே செருகினால் போதும். காற்று வரும், நட்சத்திரம் தெரியும், பாதிக் காசும் மிச்சம். மழை இருட்டிக்கொண்டு வந்தால் கூடாரம் வெல்லும், ஓகஸ்டில் அந்தச் சந்தர்ப்பம் குறைவு. வாகனத்துக்குள் படுக்கலாமே என்பவர்கள் ஜன்னலைத் திறந்தால் நுளம்பு, மூடினால் புழுக்கம் என்பதை ஒரு தடவை அனுபவித்துப் பார்க்கட்டும்.

இந்த முறை நாங்கள் செய்யப்போவது

தங்கச்சிக்கு நாலும் ஆறும், எனக்கு நாலும் ஏழும். படுக்கை மாமி வீட்டு வளவில், இரண்டு இரவு. முதல் நாள் விடிய ஊர்க் குளக்கட்டில் நடை, பத்து மணிக்கு வாய்க்கால் குளிப்பு. இரண்டாம் நாள் இருட்டோடு வெளிக்கிட்டு முல்லைத்தீவில் கரைவலை, பத்துக்கு முன்னால் நிழலுக்குத் திரும்புவது. அம்மாவிடம் கேட்டாயிற்று. அவர் வீட்டுக்குள் கட்டிலில்தான் படுப்பாராம், ஆனால் புட்டு அவர்தான் அவிப்பாராம்.

மச்சானுக்கு மூத்தது பதினொன்று, ஆகவே அவருக்கு வில்பத்து. இப்போதே பதியச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று தங்கச்சி எடுத்து, நித்திரைப் பை நாலு வாங்கிவிட்டாளாம், கொண்டுவரவா என்றாள். குளிர் மறை பத்துக்குப் பிடிக்கிற பை. அதை அங்கேயே வைக்கச் சொன்னேன். பிள்ளைகளுக்கு முழங்கால்வரை வருகிற வெள்ளைக் காலுறை ஆறு சோடி மட்டும் கொண்டுவா, வெள்ளையில்தான் உண்ணி ஊர்வது தெரியும் என்றேன்.